ரோஸ்விதாவின் ஊசிப் பலகை

காலை ஏழு மணிக்கு ரோஸ்விதா வந்து அலமாரியைத் திறந்து பலகையை மேசைமேல் வைக்கும்வரை, அந்தப் பட்டறையில் யாராலும் ஒரு தையல்கூடப் போட முடியாது. எட்டுப் பெண்கள் உட்கார்ந்து கரடி பொம்மை செய்யும் பட்டறை அது. முதலாளி ஃபால்க்கிடம் வாசல் சாவி இருந்தது, கிடங்குச் சாவி இருந்தது, வண்டிச் சாவி இருந்தது. ஊசி அலமாரியின் சாவி மட்டும் அவனிடம் இல்லை. அது ரோஸ்விதாவின் கழுத்துச் சங்கிலியில் தொங்கியது.

"புருஷன் படத்தை மாட்ட வேண்டிய இடத்துல சாவியை மாட்டியிருக்கீங்களே அக்கா" என்று ரமோனா கேலி செய்வாள். ரமோனா பக்கத்து மேசைக்காரி, வாய் ஓயாது.

"அவரு எங்கயும் தொலைஞ்சு போக மாட்டாருடி. ஊசி போயிடும்" என்பாள் ரோஸ்விதா.

அவள் பிறந்து வளர்ந்தது பொம்மைத் தொழிலுக்குப் பேர்போன சோன்னெபெர்க் ஊரில்தான். அவள் அம்மா சமையலறை மேசையில் உட்கார்ந்து பொம்மைகளுக்குப் புருவம் வரைவாள். சாப்பாட்டு நேரத்தில் முகங்களை ஒதுக்கிவிட்டுத் தட்டுகளை வைக்க வேண்டியிருக்கும். பதினாறு வயதில் ரோஸ்விதா அரசாங்கப் பொம்மைத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். முந்நூறு பெண்கள். இடுக்கி காப்பி டப்பாவுக்குள் கிடக்கும். குத்தூசி ஜன்னல் விளிம்பில் இருக்கும். கத்தரிக்கோலைத் தேடினால் யாருடைய ரொட்டிப் பொட்டலத்தின் அடியிலாவது அகப்படும். தினமும் காலையில் கால் மணி நேரம் எல்லோரும் எதையாவது தேடிக்கொண்டிருப்பார்கள். மற்றவர்களுக்கு அது அரட்டை நேரம். ரோஸ்விதாவுக்கு மட்டும் உடம்பெல்லாம் எரியும். ஊசிகளை வைக்க ஒரு பலகை வேண்டும் என்று மேற்பார்வையாளரிடம் கேட்டாள். "ஊசி என்ன விமானத்து உதிரி பாகமா?" என்று அவர் சிரித்தார். அவள் மறு வருடமும் கேட்டாள். அதற்கடுத்த வருடமும் கேட்டாள்.

நாட்டை இரண்டாகப் பிரித்திருந்த சுவர் விழுந்து இரண்டு வருடத்தில் தொழிற்சாலையை மூடினார்கள். இயந்திரங்களை லாரியில் ஏற்றிய நாளில் ஆளாளுக்கு எதையெதையோ எடுத்துக்கொண்டு போனார்கள். ரோஸ்விதா வெட்டு மேசையிலிருந்து கழற்றிப்போட்ட ஒரு பீச் மரப் பலகையையும், கிடந்த ஊசிகளையும் கருவிகளையும் கேட்டு வாங்கினாள். அந்தக் குளிர்காலம் முழுக்க வேலை இல்லை. உளியை எடுத்துக்கொண்டு பலகையில் பள்ளம் செதுக்கினாள். ஒவ்வொரு ஊசியையும் மரத்தின்மேல் வைத்து, பென்சிலால் கோடு இழுத்து, அந்த ஊசியின் நீளத்துக்கு, அந்த ஊசியின் பருமனுக்கு. மேல் வரிசையில் கண் வைக்கும் நீள ஊசிகள். அவை ஒரு சாண் நீளம். கரடியின் முகத்தில் நுழைந்து பிடரியில் வெளிவர வேண்டியவை. அடுத்தது காது தைக்கும் வளைந்த ஊசிகள். மூன்றாவது, மூக்கும் வாயும் நூலால் போடுகிற மெல்லிய ஊசிகள். கடைசி வரிசையில், திணித்து முடித்த கரடியின் முதுகை மூடும் குட்டையான தடித்த ஊசிகள். மொத்தம் அறுபத்து நான்கு. பள்ளங்களுக்கு உள்ளே கம்பளித் துணி ஒட்டினாள், துரு ஏறாமல் இருக்க. பலகையின் ஓரத்தில் இடுக்கிக்கும் கம்பி பிரஷுக்கும் திணிப்புக் கோலுக்கும் அதனதன் உருவத்திலேயே இடம் வெட்டினாள்.

ஃபால்க் பழைய ரொட்டிக் கடையை வாடகைக்கு எடுத்துப் பட்டறை தொடங்கியபோது அவள் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய் நின்றாள். "அனுபவச் சான்றிதழ் இருக்கா?" என்று அவன் கேட்டான். அவள் பலகையை மேசைமேல் வைத்து மூடியிருந்த துணியை எடுத்தாள். அவன் சற்று நேரம் பார்த்தான். பிறகு, "எப்போ வேலைக்கு வர்றீங்க?" என்று கேட்டான்.

அவளுடைய சட்டங்கள் கடுமையானவை. ஊசி உடைந்தால் இரண்டு துண்டையும் கொண்டுவந்து அவள் முன்னால் ஒட்டிவைத்து முழு நீளம் காட்ட வேண்டும். அப்போதுதான் புது ஊசி. மாலை நாலரைக்கு எல்லா ஊசிகளும் பள்ளத்துக்குத் திரும்ப வேண்டும். அறுபத்து நான்கும் நிறையும்வரை யாரும் வீட்டுக்குக் கிளம்பக் குளிர்கோட்டைத் தொடக் கூடாது. புதிதாகச் சேருகிறவள் முகம் சுளித்தால் ரோஸ்விதா ஒரு காந்தத்தை எடுத்து முடிந்துபோன கரடியின் தோளில் வைப்பாள். டக்கென்று ஒட்டும். இடுப்பில் வைப்பாள், ஒட்டும். கழுத்திலும் ஒட்டும். கை கால் தலை சுழல வேண்டுமே, அதற்காக உள்ளே தகடும் கம்பியும் இருக்கின்றன.

"பாத்தியா? உள்ள ஊசி போயிட்டா காந்தத்தை வச்சோ மெஷினை வச்சோ கண்டுபிடிக்க முடியாது. போகாம பாத்துக்கறது ஒண்ணுதான் வழி."

பட்டறையை விட்டுப் போகும் ஒவ்வொரு பெட்டியிலும் அவள் கையெழுத்துப் போட்ட ஒரு சீட்டு இருக்கும். 'எல்லா ஊசிகளும் எண்ணப்பட்டன. ரோ. லுத்தார்ட்.' ஏழு வருடமாக அந்தச் சீட்டு பொய் சொன்னதில்லை. கரடியின் முகத்தை வரைந்தவள் வேறொருத்தி, வெட்டியவள் வேறொருத்தி; ஆனால் வாங்குகிறவன் நம்புவது தன் பெயரைத்தான் என்ற எண்ணம் அவளுக்கு உண்டு. அந்த எண்ணத்தோடு தெருவில் நிமிர்ந்து நடப்பாள்.

அந்த இலையுதிர் காலத்தில் நாற்பத்தெட்டுக் கரடிகளுக்கு ஓர் ஆர்டர் வந்தது. ஒரு குழந்தைகள் மருத்துவமனைக்கு. அறுவை சிகிச்சை முடிந்து கண் விழிக்கும் குழந்தையின் கையில் ஒரு கரடி இருக்க வேண்டும் என்று யாரோ ஒரு நல்ல மனிதர் பணம் கொடுத்திருந்தார். வெள்ளிக்கிழமை மாலையே எல்லாம் முடிந்து நான்கு பெட்டிகளில் அடுக்கியாகிவிட்டது. ரோஸ்விதா எண்ணினாள், அறுபத்து நான்கும் இருந்தன. நான்கு சீட்டுகளிலும் கையெழுத்துப் போட்டாள். எல்லோரும் ஊர்த் திருவிழாவுக்கு ஓடினார்கள். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வண்டி வருவதாக ஏற்பாடு.

திங்கட்கிழமை காலைகளில், ஊசிகளைக் கொடுப்பதற்கு முன், ரோஸ்விதா ஒவ்வொன்றையும் எண்ணெய்த் துணியால் துடைப்பாள். அன்றும் துடைத்துக்கொண்டு வந்தாள். கடைசி வரிசை, ஒன்பதாவது பள்ளம். துடைத்த ஊசியைத் திரும்ப வைத்தபோது அது ஆடியது.

எடுத்து மறுபடியும் வைத்தாள். மறுபடியும் ஆடியது. பள்ளத்தின் முனையில் ஓர் அரிசி அகலத்துக்கு இடம் மீந்தது. அவள் செதுக்கிய பள்ளம் நீள வாய்ப்பில்லை. ஊசியும் குறுகாது. அப்படியென்றால் இது அந்தப் பள்ளத்து ஊசி இல்லை.

"இது நம்ம ஊசி இல்ல" என்றாள் சத்தமாக.

பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஃபால்க் கையில் காப்பியோடு வந்தான்.

"என்ன ரோஸ்விதாம்மா, குறையுதா?"

"குறையல. ஆனா இது வீட்டு ஊசி. யாரோ நம்ம ஊசியைத் தொலைச்சிட்டு இதை வச்சிருக்காங்க."

"அறுபத்து நாலு பள்ளம், அறுபத்து நாலு ஊசி. கணக்கு சரியாத்தானே இருக்கு?"

"கணக்கு சரி தம்பி. ஊசி சரியில்ல. முதுகு மூடுற ஊசி ஒண்ணு காணோம். அது எங்க போயிருக்கும்னு நினைக்கிற?"

ஃபால்க்கின் பார்வை தானாகவே நான்கு பெட்டிகள் பக்கம் போனது. நூலை அறுக்கவோ முடிச்சைப் பார்க்கவோ கை தேவைப்படும்போது ஊசியை மடியிலிருக்கும் கரடியின் வயிற்றிலேயே குத்தி வைப்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் இருக்கும் கெட்ட பழக்கம். கரடி வாகாக இருக்கிறது, மேசையைவிடப் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் மறந்துவிட்டால் அடுத்தவள் பிரஷ் போடும்போது ஊசி ரோமத்துக்குள் அமுங்கும், பிறகு உள்ளே நழுவும். ஒரு நாள் ஒரு குழந்தை அதை இறுக்கி அணைக்கும்.

"தரையில எங்கயாவது கிடக்கும்" என்றான் ஃபால்க், அரை மனதோடு.

"பெருக்கிப் பாத்துட்டேன்னு ஒருத்தர் சொல்லட்டும், நம்புறேன்."

"ஆஸ்பத்திரிக்குத்தானே போகுது, அங்கயே எக்ஸ்ரே எடுத்துப் பாத்துக்கட்டும்" என்றாள் ரமோனா. இரண்டு பேர் சிரித்தார்கள். ரோஸ்விதா சிரிக்கவில்லை. சிரிப்பு நின்றது.

"நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்" என்றாள் ரோஸ்விதா. "யாருன்னு எனக்கு வேண்டாம். எந்த நாள்னு சொல்லுங்க போதும். ஒவ்வொரு கரடி கால்லயும் மூடின நாளும் மூடினவ பேரும் எழுதின அட்டை இருக்கு. போன திங்கக்கிழமை துடைச்சப்ப ஊசி சரியா இருந்துச்சு. நாள் தெரிஞ்சா பத்துப் பன்னெண்டைப் பிரிச்சாப் போதும். தெரியலேன்னா நாப்பத்தெட்டையும் பிரிக்கணும்."

சுவரோரம் நீராவிக் குழாய் மட்டும் டக் டக்கென்றது.

"நாப்பத்தெட்டா?" ஃபால்க் காப்பியைக் கீழே வைத்தான். "நாளைக்குப் பத்து மணிக்கு வண்டி வருதும்மா! ஒரு ஊசி, அதுவும் இருக்கோ இல்லையோ... நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

"நீ வாக்குக் குடுத்திருக்க. நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

அவள் நான்கு பெட்டிகளையும் திறந்து, நான்கு சீட்டுகளையும் எடுத்துக் கிழித்து அடுப்புக்குள் போட்டாள். முதல் பெட்டியின் மேலிருந்த கரடியை எடுத்து மடியில் குப்புறப் போட்டாள். தேன் நிறத்துக் கரடி, வலது காது சற்றே சாய்ந்து, எதையோ கேட்பதுபோல இருக்கும். அவளே மூடியது. தையல் பிரிக்கும் முனையை முதுகில் வைத்தாள். முதல் முடிச்சு அறுந்தது.

"வெட்டாத அண்ணி!"

ஹெல்மா எழுந்து நின்றிருந்தாள். ரோஸ்விதாவின் கணவனுடைய தங்கை, ஐம்பது வயது, அந்தப் பட்டறையில் அவளைவிட இறுக்கமாகக் கரடி திணிக்க ஆளில்லை. அவள் முகம் சிவந்திருந்தது.

"வெள்ளிக்கிழமை. நான்தான்."

ரோஸ்விதா தையல் பிரிப்பானைக் கீழே வைத்தாள். வெளியாள் என்றால் கத்தியிருப்பாள். இவளோடு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரே சமையலறையில் உருளைக்கிழங்கு உருண்டை பிடிக்கிறாள்.

"நீயா ஹெல்மா? நீயா என்னை ஏமாத்தின?"

"ஏமாத்தணும்னு செய்யல. நாலரை மணிக்குப் பாத்தா என் ஊசி இல்ல. எல்லாரும் வாசலைப் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. ரமோனா பொண்ணு முதல் தடவையா ஒரு பையனோட ஜோடி போட்டுத் திருவிழா ஊர்வலத்துல வருது. அஞ்சு மணிக்கு மேளம். என் கைப்பையில ஒரு ஊசி இருந்துச்சு. வச்சிட்டேன். இன்னைக்கு முதல் ஆளா வந்து தரையெல்லாம் தேடினேன். கிடைக்கல."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

"உன்கிட்டயா?" ஹெல்மாவின் குரல் உயர்ந்தது. "மூணு வருஷம் முன்னாடி இதோ இவ, ரமோனா, ஒண்ணு காணோம்னு சொன்னா. ரெண்டு மணி நேரம் எங்க எல்லாரையும் நிக்க வச்ச. கடைசி பஸ் போச்சு. பனியில நடந்து போனோம். ஒரு வாரம் இவ கூட யாரும் காப்பி குடிக்கல. அதுக்கப்புறம் ஒரு தடவையாவது யாராவது வாயைத் திறந்து காணோம்னு சொன்னாங்களா? ஏழு வருஷமா குறையலன்னு பெருமைப்படுற. குறையவே இல்லையா அண்ணி, இல்ல யாரும் சொல்லலையா?"

ரமோனா குனிந்து நூல்கண்டைச் சுற்றத் தொடங்கினாள். ரோஸ்விதா மற்ற ஐந்து பேரின் முகங்களையும் பார்த்தாள். ஒருத்தியும் ஹெல்மாவை மறுக்கவில்லை.

அவளுக்கு முகத்தில் அறைந்ததுபோல இருந்தது. ஆனால் அவள் கை தன்னிச்சையாகப் பலகையைத் தொட்டது. அந்த ஒரு அரிசி அகலம் இல்லாவிட்டால் இது யாருக்கும் தெரிந்திருக்காது. அந்தப் பெட்டிகள் போயே போயிருக்கும். பலகை பொய் சொல்லவில்லை. பலகையின் முன்னால் நிற்பவர்களைப் பயமுறுத்தியது தான்தான்.

"சரி" என்றாள். "அதை அப்புறம் பேசலாம். வெள்ளிக்கிழமை நீ எத்தனை மூடின?"

"அஞ்சு."

ஐந்தையும் எடுத்தார்கள். மேசைமேல் வெள்ளைப் போர்வையை விரித்தார்கள். முதுகைப் பிரித்து, உள்ளே திணித்திருந்த மரச்சுருளை இடுக்கியால் ஒவ்வொரு கொத்தாக வெளியே எடுத்து, போர்வையில் பரப்பி, விரலால் உதிர்த்துப் பார்த்தார்கள். ஒரு கரடிக்கு அரை மணி நேரம். ஃபால்க்கும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"நம்ம உருளைக்கிழங்கு உருண்டைக்குள்ள ரொட்டித் துண்டு இருந்தா ருசி" என்றாள் ரமோனா. "கரடிக்குள்ள ஊசி இருந்தா..."

"வாயை மூடிட்டுத் தேடு" என்று மூன்று பேர் ஒன்றாகச் சொன்னார்கள்.

ஐந்தாவது கரடியின் வயிறும் காலியானது. ஊசி இல்லை.

ஃபால்க் நிமிர்ந்து பார்த்தான். மற்ற நாற்பத்து மூன்றும் பெட்டிகளில் கிடந்தன. மணி பத்தரை.

"ஹெல்மா, வெள்ளிக்கிழமை உன் மடியில இருந்ததை எல்லாம் சொல்லு" என்றாள் ரோஸ்விதா. "நீ மூடினது மட்டும் இல்ல. உன் மடியில இருந்தது."

ஹெல்மா கண்ணை மூடிக்கொண்டாள். "அஞ்சு மூடினேன். நடுவுல காப்பி. அப்புறம்... ரமோனா முடிச்சு இறுக்க முடியலன்னு ஒண்ணைத் தந்தா. நான் பிடிச்சுக்கிட்டேன். அவ இழுத்தா." கண்ணைத் திறந்தாள். "என் கையில ஊசி இருந்துச்சு. ரெண்டு கையாலயும் பிடிக்கணும்னு..."

"என் கரடியில குத்திட்டியா!" ரமோனா துள்ளி எழுந்தாள். "அடிப்பாவி, என் பேருக்கு வேட்டு வச்சிருக்கியே!"

ரமோனா வெள்ளிக்கிழமை மூன்று மூடியிருந்தாள். முதலாவதில் இல்லை. இரண்டாவது பழுப்பு நிறக் கரடி. ஹெல்மா யாரையும் தொடவிடவில்லை. தானே பிரித்தாள், தானே இடுக்கியை உள்ளே விட்டாள். நாலாவது கொத்தில் இரும்போடு இரும்பு உரசும் மெல்லிய சத்தம் கேட்டது. எல்லோருக்கும் கேட்டது. அவள் இடுக்கியை மெதுவாக வெளியே இழுத்தாள். மரச்சுருளுக்கு நடுவில், வயிற்றின் இடது பக்கம் தோலைப் பார்த்த முனையோடு, ஊசி.

ஃபால்க் தன்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டான். "குழந்தை கையில போயிருந்தா..." என்றான்.

ரோஸ்விதா அந்த ஊசியைத் துடைத்து ஒன்பதாவது பள்ளத்தில் வைத்தாள். ஆடவில்லை. வீட்டு ஊசியை ஹெல்மாவிடம் நீட்டினாள். "கைப்பையில போட்டுக்க."

பிரித்த ஏழு கரடிகளையும், முடிச்சு அறுந்த தேன் நிறக் கரடியையும் மாலைக்குள் மறுபடியும் திணித்து மூட வேண்டும். ஹெல்மா திணித்தாள், அவள் அளவுக்கு யாராலும் இறுக்க முடியாது. ரோஸ்விதா பிடித்துக்கொண்டாள், ஹெல்மா முடிச்சை இழுத்தாள். ஆறாவது கரடியின்போது ஹெல்மா, "உன் பிடி இன்னும் இரும்பு மாதிரி இருக்கு அண்ணி" என்றாள். "உன் வாயும் அப்படித்தான் இருக்கு" என்றாள் ரோஸ்விதா. அதற்குப் பிறகு சரியாகிவிட்டது.

நாலரைக்கு எண்ணிய பிறகு ரோஸ்விதா புதிதாக நான்கு சீட்டு எழுதினாள். நான்கிலும் கையெழுத்துப் போட்டாள். பிறகு எல்லோரையும் நிற்கச் சொன்னாள்.

"இனிமே ஊசி காணோம்னா, காணோம்னு சொல்றவ மட்டும் என்கூட இருந்தாப் போதும். மத்தவங்க கோட்டை எடுத்துக்கிட்டுப் போகலாம். அவ கூட மறுநாள் முதல் காப்பி நான் குடிப்பேன். எண்ணாம மட்டும் ஒரு நாளும் விட மாட்டேன்."

"வண்டி பெட்ரோல் என் செலவு. கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவளை நான் வீட்டுல விடறேன்" என்றான் ஃபால்க்.

மறுநாள் பத்து மணிக்கு வண்டி வந்தது. ஓட்டுநர் பெட்டிகளை ஏற்றிவிட்டு, "நாப்பத்தெட்டுதானே? சரியா இருக்கா?" என்று கேட்டான். வழக்கமாக இதற்கு ஃபால்க்தான் பதில் சொல்வான். அன்று அவன் ரோஸ்விதாவைப் பார்த்தான்.

"சரியா இருக்கு. உள்ளயும் சரியா இருக்கு" என்றாள் அவள்.

நவம்பர் கடைசியில், வாசலில் முதல் பனி கட்டியிருந்த ஒரு மாலை, எண்ணிக்கை நேரத்தில் ரமோனாவின் குரல் கேட்டது. முன்பெல்லாம் யாரும் அவ்வளவு சத்தமாகச் சொன்னதில்லை.

"அக்கா, கண் ஊசி ஒண்ணு காணோம்! நான்தான் தொலைச்சேன்!"

"சரி, நீ இரு. மத்தவங்க போகலாம்" என்றாள் ரோஸ்விதா.

ஒருவரும் போகவில்லை. ஹெல்மா கோட்டை நாற்காலியில் எறிந்துவிட்டு மேசைக்கு அடியில் மண்டியிட்டாள். மற்றவர்களும் குனிந்தார்கள். ஃபால்க் விளக்கை எடுத்துக்கொண்டு வந்து, "எங்க உக்காந்திருந்த?" என்று கேட்டபடி குனிந்தான்.

"ஐயோ, நிமிராதீங்க!" என்று ஹெல்மா கத்தினாள்.

காலையில் அவன் கம்பளிச் சட்டையின் முதுகில் பிரிந்திருந்த தையலை ரமோனா தைத்துக் கொடுத்திருந்தாள். ஒரு சாண் ஊசி அங்கேயே, நட்டுவைத்த கொடிக்கம்பம்போல நின்றுகொண்டிருந்தது. நாள் முழுக்க அதோடுதான் வங்கிக்கும் தபால் நிலையத்துக்கும் போய் வந்திருக்கிறான். பெண்கள் தரையிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ரோஸ்விதா ஊசியை உருவி எடுத்து, விளக்கில் காட்டிப் பார்த்து, துடைத்தாள்.

"அறுபத்து நாலு" என்றாள். "இப்ப கோட்டைப் போடுங்க."